மின்னிப் பெட்டியின் ஏழாவது பாரி

பாட்டுக்காக மனிதர்கள் அடித்துக்கொள்வார்களா என்று கேட்பவர்கள், போர்ட் பிளேரிலிருந்து கேம்பல் பே துறைமுகத்துக்குப் போகும் கப்பலில், பங்க் என்னும் அடுக்குப்படுக்கை வகுப்பில் ஒரே ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். கரை மறைந்ததும் செல்போன் டவர் செத்துவிடும். அதற்குப் பிறகு நாள்கணக்கில் கடல்தான். ஒருவர் பையிலிருந்து ஸ்பீக்கரை எடுத்து வங்காளப் பாட்டு போடுவார். பக்கத்துப் படுக்கைக்காரர் விடுவாரா? தெலுங்கை அலறவிடுவார். எதிர்ப்பக்கம் நம்மாள் ஒருவர் சும்மா இருந்தால் தமிழுக்கே அவமானம் என்று நினைத்து அவரும் ஒன்றைத் தட்டிவிடுவார். கொஞ்ச நேரத்தில் எந்தப் பாட்டும் யாருக்கும் கேட்காது. சண்டை மட்டும் கணீரென்று கேட்கும்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்காகக் கச்சாலுக்குப் போனபோதுதான் புஷ்பா இந்தச் சண்டையில் சிக்கினாள். கச்சால், போகும் வழியில் இருக்கும் அவள் பிறந்த தீவு. இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களைக் கொண்டுவந்து ரப்பர் தோட்டத்தில் வேலைக்கு வைத்தார்களே, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்தவள். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேர் வந்து, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, மின்சாரத் துறையில் லைன்மேனாக இருந்த யோகராஜைக் கட்டிக்கொண்டு ஷாதிபூரில் குடித்தனம் வைத்தாள். மின்னி பே பகுதியில், மேடேறும் இடத்தில் மொபைல் ரிப்பேர் கடை. வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். கடைக்கு வருகிறவர்கள் போனைச் சரிசெய்துகொள்வதோடு இலவசமாக நாலு திட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அன்று அந்தச் சண்டையை ஒரு வங்காளி அம்மாள்தான் முடித்துவைத்தாள். ஆள் நல்ல ஆகிருதி. எல்லாருடைய ஸ்பீக்கரையும் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு, "ஏக் ஏக் கர்கே! சப் கா பாரி ஆயேகா!" என்று ஒரு அதட்டல் போட்டாள். ஒவ்வொன்றாகத்தான், எல்லாருக்கும் முறை வரும் என்று அர்த்தம். அவ்வளவுதான், சத்தம் அடங்கிவிட்டது.

இந்தத் தீவுகளில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு மரியாதை. கப்பல் டிக்கெட் கௌண்டரோ, தண்ணீர்க் குழாயோ, மண்ணெண்ணெய்க் கடையோ, எங்கே வரிசை நின்றாலும் தமிழனும் தெலுங்கனும் வங்காளியும் மலையாளியும் ராஞ்சிக்காரனும் பேசும் பொது இந்தியில் அந்த ஒரே சொல்தான்: பாரி. ‘மேரா பாரி’ என்று ஒருவன் சொல்லிவிட்டால், எப்பேர்ப்பட்ட முரடனும் முணுமுணுத்துக்கொண்டாவது ஒதுங்குவான்.

புஷ்பாவுக்கு அன்றைக்கே மண்டைக்குள் ஒன்று முளைத்துவிட்டது. அந்த அம்மாளின் வேலையைப் பெட்டியே செய்தால் என்ன? ஒரு சின்ன பிளேயர். ஒரு மொழிக்கு ஒரு பாட்டு, அது முடிந்ததும் வேறு மொழி, சுற்றிச் சுற்றி. பிடிக்காத பாட்டைத் தாண்டிப் போக பட்டனே கிடையாது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் யோகராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "கடலுக்கடியில நெட் கேபிள் வந்தாச்சு. ஊரே போன்ல பாட்டு கேக்குது. நீ என்னாடான்னா பாட்டுப் பெட்டி செய்யப் போறியாம். அதுவும் மாத்த ஏலாத பெட்டி!"

"கடல்ல டவர் வச்சிருக்கானா ஒங்க கேபிள்காரன்? தோட்டத்துல வச்சிருக்கானா? டோங்கியில போறவனுக்கு என்னா இருக்கு? போய் ஒங்க போஸ்ட் கம்பத்துல ஏறுங்க" என்றாள். டோங்கி என்கிற எஞ்சின் படகில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் பாதிப் பேர் அவள் கடை வாடிக்கையாளர்கள். அவர்கள் போன்கள் உப்புத் தண்ணீரில் செத்துப்போய் வருவதை அவள்தானே பிரித்துப் பார்க்கிறாள்!

சொன்னதைச் செய்வதற்குள் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சென்னையிலிருந்து போர்டுகளைக் கப்பலில் வரவழைத்தாள். பாரி முறையில் பாட்டு சுற்றி வருவதற்கான புரோகிராமைத் தானே எழுதினாள். முதலில் செய்தவை ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. உப்புக் காற்று பட்டு உள்ளே எல்லாம் பச்சை பூத்துவிட்டது. சரி, காற்றே புகாமல் அடைக்கிறேன் என்று கோந்து வைத்து இறுக்கினாள். சூடு வெளியேற வழியில்லாமல் பேட்டரி உப்பிக்கொண்டது. அதையும் சரிசெய்து டோங்கியில் ஏற்றினால், எஞ்சின் சத்தத்தில் பெட்டி வாயசைப்பது போலத்தான் இருந்தது. வேறொருத்தியாக இருந்தால் எல்லாவற்றையும் வாரிக் குப்பையில் கொட்டிவிட்டுப் போன் ரிப்பேரைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பாள். இவள் ஒவ்வொரு தடவையும் தோற்றதைப் பிரித்துப்போட்டு, "எங்க போயிருவ நீ, பார்க்கிறேன்" என்று அதனோடேயே சண்டைபோட்டாள்.

பாட்டுக்கும் அலைந்தாள். சினிமாப் பாட்டை ஏற்றினால் கேஸ் வரும். ஆகவே தீவுக்காரர்களையே பாடச் சொன்னாள். டிக்லிபூரிலிருந்து வங்காளக் கீர்த்தனை, ஜங்கிலிகாட்டிலிருந்து தெலுங்கு பஜனை, விம்பர்லிகஞ்சிலிருந்து மலையாளம், ராஞ்சிக்காரர்களின் கூத்துப்பாட்டு, இந்தியில் காலேஜ் பிள்ளைகள், தமிழுக்கு ஷாதிபூர் கோயில் கோஷ்டி. ஆறு மொழி. பாடினவர்களுக்கு உரியதைக் கொடுத்து, எழுதி வாங்கி, நேராகச் செய்தாள்.

பெட்டிக்கு ‘புஷ்பா ஆடியோ’ என்று பேர் வைக்கலாம் என்றான் யோகராஜ். "கல்யாண மைக்செட்டா இது?" என்று ஒரே வார்த்தையில் அதைத் தள்ளினாள். கடை இருக்கும் இடத்தின் பேரையே வைத்தாள்: மின்னி. நீல நிறப் பெட்டி, கையடக்கம், கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு. அதன் நெற்றியில் ஸ்டிக்கர்: ‘எல்லாருக்கும் பாரி வரும்’. தமிழில் ஒரு வரி, இந்தியில் ஒரு வரி.

மின்னி விற்றது. கொள்ளை கொள்ளையாக இல்லை என்றாலும் விற்றது. டோங்கிக்காரர்கள் வாங்கினார்கள், கப்பலில் வேலைசெய்பவர்கள் வாங்கினார்கள். அபர்தீன் பஜார் பக்தவத்சலம் காதுவரைக்கும் செய்தி போயிற்று. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ராங்கத்திலும் கேம்பல் பேயிலும் கிளை போட்டு உட்கார்ந்திருக்கும் வியாபாரி அவர். அவர் கடைகளில் இல்லாத பொருள் தீவில் இல்லை என்பார்கள். அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, "நல்லா செஞ்சிருக்கம்மா. எல்லாக் கடையிலும் வைக்கிறேன். நெறைய செஞ்சு வையி" என்றார். புஷ்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ரிப்பேர் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, சேர்த்ததை எல்லாம் போட்டு, பின்னறை நிறையப் பெட்டி பெட்டியாக மின்னி செய்து அடுக்கினாள்.

சாமான் போய்ச் சேருமுன் தோட்டத்திலும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று, ஒரு மின்னியை எடுத்துக்கொண்டு கச்சாலுக்குக் கப்பல் ஏறினாள். பங்க்கில் வைத்து ஓடவிட்டாள். சண்டையே இல்லை. அவரவர் மொழி வரும்போது அவரவர் முகம் மலர்ந்தது. மற்றவர்கள் பேசிக்கொண்டு, முறுக்கைக் கடித்துக்கொண்டு, தங்கள் பாரிக்குக் காத்திருந்தார்கள். புஷ்பா பெருமை தாங்காமல் ஊருக்குப் போகும் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

எதிரே ஒரு நிகோபாரிப் பெண், இவள் வயதுதான் இருக்கும், பாக்கு நறுக்கிக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் ஷீலா என்று பின்னால் தெரிந்தது. மதியத்திலிருந்து அவள் நகரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் மெதுவாகக் குனிந்து கேட்டாள்:

"தீதி, ஹமாரா பாரி கப் ஆயேகா?"

அக்கா, எங்கள் முறை எப்போது வரும்?

அதில் கோபமே இல்லை. கௌண்டர் வரிசையில் நிற்பவர் முன்னால் இருப்பவரிடம் கேட்பது போலக் கேட்டாள். ஸ்டிக்கரில் போட்டிருப்பதை அவள் நம்பிவிட்டாள், அவ்வளவுதான். மதியத்திலிருந்து நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

புஷ்பாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. வேறு யாராவது மறந்திருந்தால் சரி. கச்சாலில் பிறந்தவள் மறக்கலாமா? கிறிஸ்துமஸுக்கு முன்னால் நிகோபாரிக் கிராமத்திலிருந்து கூட்டுப்பாட்டு ரப்பர் மரங்களைத் தாண்டி லயம்வரைக்கும் வரும். அதைக் கேட்டு வளர்ந்தவள் அவள். போர்ட் பிளேரில் வரிசையில் யார் யார் நிற்கிறார்களோ அவர்களை விரல்விட்டு எண்ணினாளே தவிர, தான் பிறந்த தீவே நிகோபாரிகளுடைய மண் என்பது அவள் எண்ணத்துக்கு வரவே இல்லை. சீ, என்ன பொம்பளை நான் என்று தன்னையே வைதுகொண்டாள்.

"வர்லே தங்கச்சி. நான் வெக்கலே. தப்பு என்னுது" என்று இந்தியில் சொன்னாள். "ஒங்க ஊர்ல பாடிக் குடுப்பீங்களா? நான் வெக்கிறேன்."

ஷீலா, ஊரில் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றாள்.

போர்ட் பிளேருக்குத் திரும்பிய புஷ்பா, பக்தவத்சலத்திடம் சாமானைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொன்னாள். அவர் முகம் சுளித்தார். வாரங்கள் போயின. ஆஸ்பத்திரி வேலையாகப் போர்ட் பிளேருக்கு வந்த ஷீலா ஒருநாள் மின்னி பே கடையைத் தேடிக்கொண்டு வந்து நின்றாள்.

ஊர் கூடிப் பேசினார்களாம். கேப்டன் என்று அவர்கள் சொல்லும் கிராமத் தலைவரும் இருந்தாராம். பெட்டியில் பாட்டு வேண்டாம் என்று முடிவாகிவிட்டதாம். "எங்க பாட்டு ஒருத்தர் பாடுறது இல்ல, எல்லாரும் சேந்து பாடுறது. பெட்டி பாடிச்சுன்னா நாங்க வாயை மூடிக்கிட்டு உக்காந்திருவோம். சின்னப் பிள்ளைங்க அதோட மறந்திரும்" என்று அவள் இந்தியில் விளக்கினாள்.

புஷ்பாவின் முகம் விழுந்துபோயிற்று. "அப்ப ஒங்க பாரி?"

ஷீலா சிரித்தாள். "பாரி வேணும். பாட்டுதான் வேண்டாம்."

டீயைக் குடித்துவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். புஷ்பாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பாட்டில்லாத பாரி எப்படி வைப்பது? யோகராஜ், "ஆறு மொழிதான்னு ஸ்டிக்கர மாத்து, வேல முடிஞ்சிச்சு" என்றான். அவள் பார்த்த பார்வையில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் உட்கார்ந்தவள், பின்னறையில் அடுக்கியிருந்த அத்தனை பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து புரோகிராமை மாற்ற ஆரம்பித்தாள். ஆறு பாட்டு முடிந்ததும் ஏழாவது பாரி. விளக்கு மட்டும் பச்சையாக எரியும். ஒரு பாட்டு ஓடும் நேரத்துக்குப் பெட்டி பேசாமல் இருக்கும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. அந்த நேரம் அவர்களுடையது. பாடினால் பாடட்டும், பாடாவிட்டால் சும்மா இருக்கட்டும். அதில் கைவைக்க நான் யார் என்று முடிவு செய்துவிட்டாள்.

வந்தது வினை. கடையில் புதுப் பெட்டி வாங்கினவர்கள் இரண்டே நாளில் திரும்ப வந்தார்கள். "நடுவுல நின்னுபோவுது, ரிப்பேர்." ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள். சிலர், லைன்மேன் பெண்டாட்டிக்கு ஷாக் அடித்துவிட்டது என்று அவள் காதுபடவே சிரித்தார்கள். பக்தவத்சலம் நேரிலேயே கடைக்கு வந்துவிட்டார்.

"என்னாம்மா இது? பாடுறதுக்குத்தான பெட்டி? சும்மா நிக்கிற மெஷின எவன் வாங்குவான்? என் கடைக்குள்ள வந்து சண்ட போடுவான். அந்தக் காலி எடத்த எடுத்துரு. நாளைக்கே சாமான ஏத்திக்கிறேன்."

"ஏலாது அண்ணே."

"என்னா ஏலாது? அவங்களே பாட்டு வேணாம்னு சொல்லிட்டாங்க. ஒனக்கு என்னா வந்துது?"

"பாட்டு வேணாம்னுதான் சொன்னாங்க. பாரி வேணாம்னு சொல்லலியே. ஸ்டிக்கர்ல எல்லாருக்கும்னு போட்டுட்டு ஒருத்தர வெளிய நிறுத்துனா, அது பொய். பொய்ய ஒட்டி விக்க என்னால ஏலாது."

"அப்ப நீயே வித்துக்க" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அவர் போனதும்தான் அவளுக்குக் கணக்கு உறைத்தது. அவர் கடைகள் இல்லாமல் இந்தச் சாமான் போகாது. போகாவிட்டால் மின்னி இந்தப் பின்னறையோடு முடிந்தது. இத்தனை வருஷ உழைப்பும் உப்புக் காற்றில் பச்சை பூத்துக் கிடக்கும். அழுகை வந்தது, அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு அட்டைப்பெட்டி நிறைய மின்னிகளைக் கட்டினாள். கேம்பல் பேயில் பஞ்சாபிக்காரர் கடை இருக்கிறது, தமிழ்க்காரர் கடை இருக்கிறது, தானே போய் நின்று விற்பது என்று கிளம்பிவிட்டாள். "தனியா போகாத, நானும் லீவு போடுறேன்" என்று யோகராஜ் சொன்னபோது அவன் குரல் இளகியிருந்தது. "நீங்க கரண்ட் குடுங்க, நான் பாட்டு குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஹாடோ துறைமுகத்தில் கப்பல் ஏறினாள்.

ஏறிப் பார்த்தால் அதே கப்பலில் பக்தவத்சலம்! கேம்பல் பே கிளைக்குக் கணக்குப் பார்க்கப் போகிறாராம். அவருக்குக் கேபின். ஆனால் கடல் ஒத்துக்கொள்ளாத உடம்பு. கேபின் அடைசலில் குமட்டிக்கொண்டு வர, கையில் எலுமிச்சம்பழத்தோடு காற்றுக்கு டெக்கில் வந்து உட்கார்ந்துவிட்டார். புஷ்பாவைப் பார்த்தும் பார்க்காதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நல்ல வெயில். டெக்கில் ஜனம் பாய் விரித்திருந்தது. புஷ்பா நடுவில் ஒரு மின்னியை வைத்து ஓடவிட்டாள். ஆறு பாட்டும் முடிந்து பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி வாயை மூடிக்கொண்டது.

"கராப் ஹோ கயா!" என்று ஒருவர் அதன் தலையில் ரெண்டு தட்டு தட்டினார். கெட்டுப்போச்சாம். பக்தவத்சலம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, "சொன்னன்ல?" என்றார். கைப்பிடிக் கம்பி ஓரமாக நிகோபாரிகள் ஒரு குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் ஒன்றும் புரியாமல்தான் பார்த்தார்கள். புஷ்பாவுக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஓடவில்லை. எழுந்து நின்று சத்தமாகச் சொன்னாள்: "கெட்டுப்போகல! இது நிகோபாரிகளோட பாரி. அவங்க பாட்டு பெட்டிக்குள்ள வராது. ஆனா பாரி அவங்களுது."

இரண்டாவது சுற்று வந்தது. ஒரு ஆள், சும்மாத்தானே கிடக்கிறது என்று தன் போனிலிருந்து ஒரு பாட்டைத் தட்டிவிட்டான். புஷ்பா ஒரே எட்டில் போய் அதன்மேல் கைவைத்து அமுக்கினாள். "டிக்கெட் கௌண்டர்ல ஒன் முன்னாடி நிக்கிறவன் பேசாம நின்னா, அவன் பாரிய நீ எடுத்துக்குவியா?" என்று இந்தியில் கேட்டாள். டெக்கே சிரித்தது. அவன் அசடு வழிந்துகொண்டு போனை அணைத்தான்.

மூன்றாவது சுற்றில் பச்சை விளக்கு எரிந்தபோது யாரும் பெட்டியைத் தட்டவில்லை. ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளை அம்மாக்கள் பிடித்து உட்காரவைத்தார்கள். பக்தவத்சலம் மட்டும் கேபின் பையனிடம் சோடா ஏன் இன்னும் வரவில்லை என்று உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த தெலுங்கு மீனவர் ஒருவர் அவர் பக்கம் திரும்பி, "சுப்! உன்கா பாரி ஹை!" என்றார். அவர்களுடைய முறையாம், சும்மா இருக்க வேண்டுமாம்! தீவிலேயே பெரிய வியாபாரி திறந்த வாயை மூடிக்கொண்டார்.

கம்பி ஓரத்தில் முதலில் ஒரு நடுவயதுப் பெண் குரல் எழுந்தது. ஒரு ஆண் குரல் கீழே வந்து தாங்கிக்கொண்டது. பிறகு அந்தக் குடும்பமே. பிறகு டெக்கின் மறுகோடியில் படுத்திருந்த இரண்டு பையன்கள் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார்கள். குரல்மேல் குரலாக ஏறிக்கொண்டே போயிற்று. புஷ்பாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணில் நீர் தானாக வழிந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

திடீரென்று பெட்டி இந்திப் பாட்டை ஆரம்பித்துவிட்டது. வைத்திருந்த நேரம் முடிந்துவிட்டது. பாடிக்கொண்டிருந்தவர்கள் தயங்கினார்கள். புஷ்பா பாய்ந்து பெட்டியை அணைத்து மார்போடு வைத்துக்கொண்டு, "பாடுங்க, பாடுங்க" என்று கையாட்டினாள். அவர்கள் மறுபடி பிடித்து, தங்கள் பாட்டை முழுசாகப் பாடி முடித்தார்கள். ஜனம் கைதட்டியது.

பக்தவத்சலம் எழுந்து, தள்ளாடிக்கொண்டு அவளிடம் வந்தார். முகத்தில் கடுகு வெடித்தது.

"என்னாம்மா மெஷின் செஞ்சிருக்க நீ? அவங்க பாடிக்கிட்டு இருக்கிறப்பவே குறுக்க பூந்து கத்துது! அறிவு வேணாம்? அவங்க முடிச்சுட்டோம்னு பட்டன அமுக்குற வரைக்கும் அது வாயத் தொறக்கக் கூடாது. அத மொதல்ல சரி பண்ணு. இப்பிடி அரைகுறையா செஞ்சு குடுத்தியானா என் கடையில நான் எப்பிடி வைக்கிறது?"

புஷ்பா அங்கேயே பாயில் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தாள்.